மூன்று சாக்ஸ்

மே 28
தையல் பிரித்தாயிற்று. இன்றும் அவன் வீட்டுக்குப் போன் பண்ணவில்லை.

ஜூன் 2
முட்டிக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாதாம். சுகமாக இருக்கிறதே, அதுதான் வினை. முட்டி மடங்கியபடியே இறுகிவிட்டால் செயற்கைக்கால் போட்டாலும் நேராக நிற்க முடியாதாம். பிசியோக்காரர் உருவிக்கொண்டு போய்விட்டார். ஒரு தலையணைக்காக இவ்வளவு கத்தியிருக்க வேண்டாம்.

ஜூன் 9
ராத்திரி இரண்டு மணி. இல்லாத காலில் சுண்டுவிரல் வலிக்கிறது. அன்றைக்குக் காலையில் பூட்ஸ் கடித்துக்கொண்டிருந்த அதே இடம். "லேஸைக் கொஞ்சம் தளர்த்திக்கடா" என்றான், கூட இருந்தவன். அப்புறம் பார்த்துக்கலாம் என்றேன்.

ஜூன் 10
டாக்டரிடம் சொன்னேன். சிரிப்பாரோ என்று பயம். சிரிக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களைப் பார்த்துவிட்டு, வெயர் மிட்செல் என்ற டாக்டர் 1871-லேயே இந்த வலியைப் பற்றி எழுதிவிட்டாராம். எனக்கு முன்னால் எத்தனை பேர் இரண்டு மணிக்கு விழித்துக் கிடந்தார்களோ. ஏனோ கொஞ்சம் நிம்மதி.

ஜூன் 19
எண் கையில்தான் இருக்கிறது. அவன் அம்மா எடுத்தால் "நீ எப்படிப்பா இருக்க" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஜூன் 23
விழுந்தேன். தூக்கக் கலக்கத்தில் இடது காலை ஊன்றி எழுந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கட்டு நனைந்ததைப் பார்த்து நர்ஸக்கா கண்டுபிடித்துவிட்டார்.

ஜூலை 8
இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தினார்கள். வலது காலின் பிம்பம் இடது காலாகத் தெரியும். மூளை ஆராய்ச்சியாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கொண்டுவந்த வித்தை. விரலை மடக்கு, நீட்டு என்றார்கள். நான் வலது காலில் பூட்ஸ் போட்டு இறுக்கிக் கட்டினேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே லேஸை ஒவ்வொரு கண்ணாகத் தளர்த்தினேன். பிசியோக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. சுண்டுவிரல் சாயங்காலம் வரை சும்மா இருந்தது.

ஜூலை 9
மறுபடி வலி.

ஜூலை 29
பக்கத்துக் கட்டில் அண்ணனுக்கு முதுகுத்தண்டில் அடி. இன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். 1948-ல் இதே நாள், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அன்று, ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் 16 பேரைச் சக்கர நாற்காலியில் வைத்தே அம்பு எய்ய விட்டாராம். எல்லாரும் நம்மைப் போலப் படையிலிருந்து வந்தவர்கள். அதுதான் 1960-ல் ரோமில் பாராலிம்பிக் வரை போயிற்று. எத்தனையாவது தடவையோ இந்தக் கதை. வேண்டாவெறுப்பாக அம்பு விட்டவன் ஒருத்தனாவது அதில் இருந்திருப்பான். அவனைப் பற்றி அண்ணன் சொல்வதே இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், "உனக்கு இன்னொரு கால் இருக்குடா" என்றார். மத்தியானம் வரை பேசவில்லை.

ஆகஸ்ட் 5
கால் வந்துவிட்டது. கம்பியை விட்டு நாலு எட்டு.

ஆகஸ்ட் 11
காலையில் ஒரு சாக்ஸ், மத்தியானம் மூன்று. பொழுது ஏற ஏறக் குறைக்கால் சுருங்குகிறது, அது நுழையும் சாக்கெட் லொடலொடக்கிறது. ஒவ்வொரு தடவையும் கழற்றி, சாக்ஸில் சுருக்கம் விழாமல் இழுத்துவிட்டு, மறுபடி மாட்ட வேண்டும். இந்தக் காலை மட்டும் அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட முடியாது.

ஆகஸ்ட் 14
தோல் சிவந்துவிட்டது. இரண்டு நாள் கால் போடக் கூடாதாம். போனை இப்போதுதான் பார்த்தேன். மிஸ்டு கால் இரண்டு. அவன் வீட்டு எண்.