டிரம்ப்பைத் தடுக்கும் கணக்கு: 2016 நாட்குறிப்பு

பிப்ரவரி 21
குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்ற போட்டி மாநிலம் மாநிலமாக நடக்கிறது. தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கிய வாக்கு 32.5 சதவீதம். கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலப் பிரதிநிதிகள்; அவருக்குக் கிடைத்தது 50க்கு 50. அவர் வேண்டாம் என்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் ஐந்து பேரிடம் சிதறிப்போனது. அந்த ஐவரில் ஒருவரான ஜெப் புஷ் நேற்றிரவே விலகிவிட்டார். வேட்பாளராக 2,472 பிரதிநிதிகளில் 1,237 பேர் வேண்டும்.

மார்ச் 4
2012இல் கட்சியின் வேட்பாளராக இருந்த ராம்னி நேற்று யூட்டாவில் டிரம்ப்பை மோசடிப் பேர்வழி என்றே சொல்லிவிட்டார். கவனிக்க வேண்டியது வசவை அல்ல, யோசனையை: போட்டியாளர்களில் புளோரிடாவில் அம்மாநில செனட்டர் ரூபியோவுக்கும், ஒஹையோவில் அம்மாநில ஆளுநர் கேசிக்குக்கும், மற்ற இடங்களில் யாருக்குப் பலமோ அவருக்கும் வாக்களியுங்கள். அதாவது, யாரும் ஜெயிக்க வேண்டாம். டிரம்ப் 1,237ஐத் தொடாமல் ஜூலையில் கிளீவ்லாந்தில் கூடும் கட்சி மாநாடு வரை இழுத்தால் போதும்.

மார்ச் 16
புளோரிடாவின் 99 பேரும் டிரம்ப்புக்கே. ரூபியோ அவுட். ஒஹையோவின் 66 கேசிக்குக்கு. ஒஹையோவில் கேசிக்குக்கே போடுங்கள் என்று ரூபியோ தரப்பு வெளிப்படையாகச் சொன்னது. உங்கள் உதவி இல்லாமலே ஜெயிப்போம் என்றது கேசிக் தரப்பு. தென் கரோலினா போன்ற விதிவிலக்குகள் தவிர, மார்ச் 15 முதல்தான் மாநிலங்கள் எல்லாப் பிரதிநிதிகளையும் ஒருவருக்கே தரலாம். 2012 போல இழுபடாமல் சீக்கிரம் வேட்பாளரை முடிவுசெய்யக் கட்சி மேலிடமே நெருக்கி அமைத்த அட்டவணை இது. சொந்தச் செலவில் சூனியம்.

ஏப்ரல் 10
கொலராடோவில் 34க்கு 34 இன்னொரு போட்டியாளரான டெட் குரூஸுக்கு. அங்கே பொது வாக்கெடுப்பு இல்லை, மாநில மாநாடுதான். 34இல் 13 இடங்களுக்கு அங்கே 600க்கும் மேற்பட்டோர் போட்டி. வாக்குச்சீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். டிரம்ப் தரப்பு கொடுத்த துண்டுச்சீட்டில் சில எண்களே தப்பு! கட்சி மாநாட்டில் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் முதல் சுற்று வாக்கில் மட்டுமே தங்கள் மாநில முடிவுக்குக் கட்டுப்பட்டவர்கள், அடுத்த சுற்றுகளில் விருப்பம்போல் போடலாம். அதனால்தான் குரூஸ் ஆட்கள் இப்படி ஆளாளாகப் பிடிக்கிறார்கள். ஆனால், இரண்டாம் சுற்று வந்தால்தான் இதற்குப் பலன்.

ஏப்ரல் 26
ஞாயிறு இரவு ஒப்பந்தம்: இண்டியானாவைக் குரூஸுக்கு விட்டுக் கேசிக் ஒதுங்குவார், ஆரிகன், நியூ மெக்சிகோவைக் குரூஸ் விட்டுக்கொடுப்பார். விடிந்ததும் பிலடெல்பியா உணவகம் ஒன்றில் கேசிக்கிடம் கேட்டால், இண்டியானாக்காரர்கள் எனக்குத்தான் போட வேண்டும் என்கிறார். மார்ச்சிலேயே கணக்குப்படி அவரால் 1,237ஐ எட்ட முடியாது என்றாகிவிட்டது. இருந்தும் விலக மனமில்லை.

மே 4
இண்டியானாவில் முதலில் வருபவருக்கு 30; ஒன்பது தொகுதிகளில் தலா 3. மொத்தம் 57, அத்தனையும் டிரம்ப்புக்கு. குரூஸ் நேற்றிரவு விலகினார், கேசிக் இன்று.

ஜூலை 19
பிரதிநிதிகளை மனசாட்சிப்படி வாக்களிக்க விடுங்கள் என்ற திருத்தம் மாநாட்டு விதிக்குழுவிலேயே விழுந்துவிட்டது. அதை அரங்குக்குக் கொண்டுவர 112 உறுப்பினர்களில் 28 பேர் கையெழுத்து வேண்டும், தேறவில்லை. நேற்று கடைசி முயற்சி. மாநாட்டு விதிகள்மீதான வாக்கை மாநிலவாரியாக எண்ணச் சொல்லி மனு. ஏழு மாநிலங்களில் பெரும்பான்மைப் பிரதிநிதிகள் கையெழுத்திட்டால் போதும். ஒன்பது மாநிலங்கள் கொடுத்தன. தலைமையில் இருந்த வோமக் குரல் வாக்கிலேயே விதிகளை முடித்தார். கூச்சல் எழுந்ததும் திரும்பி வந்து, மூன்று மாநிலங்கள் வாபஸ் என்றார். மிச்சம் ஆறு. கொலராடோக்காரர்கள் வெளிநடப்பு. டிரம்ப் ஆட்களும் கட்சி மேலிட ஆட்களும் சேர்ந்தே அந்தக் கையெழுத்துகளைத் திரும்பப் பெற வைத்தார்கள். வேட்பாளருக்கான இன்றைய எண்ணிக்கை முதல் சுற்றிலேயே முடிந்துவிடும்.