டச்சுக் கடல் ஓவியர்கள் பகுதியை எப்படிப் படிக்கலாம்?

முதுகலைக் கலை வரலாற்றில் 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியம் வந்தாலே எல்லோரும் ரெம்பிராண்டையும் வெர்மீரையும் கரைத்துக் குடித்துவிட்டு, கடல் ஓவியர்களைத் தேர்வுக்கு முந்தைய ராத்திரிக்குத் தள்ளிவிடுவார்கள். அப்புறம் பார்க்கும் படமெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்: கப்பல், மேகம், தண்ணீர். என் யோசனை, இளைய வில்லெம் வான் டெ வெல்டெ ஒருவரை மட்டும் ஆழமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்வார்கள்.

அப்பா, மகன் இருவருக்கும் ஒரே பெயர், இருவரும் லைடனில் பிறந்தவர்கள். அப்பா 1611–1693, மகன் 1633–1707. ஆண்டு மறந்தாலும் வேலையை மறக்காதீர்கள்: அப்பா கோடு வரைபவர், மகன் வண்ணம் தீட்டுபவர். 1666-இல் ஆங்கிலேயரோடு நடந்த நான்கு நாள் போரை அப்பா சின்னக் கப்பலில் கூடவே போய், குண்டு பறக்கும்போதே வரைந்தார். வெள்ளைப் பூச்சு பூசிய பரப்பில் பேனாவும் மையும் கொண்டு அவர் தீட்டிய படங்களில் ஒவ்வொரு கயிறும் தெரியும். மகனோ கடல் ஓவியர் சிமோன் டெ வ்லீகரிடம் பயின்றவர், அவருடைய அக்கறை வெளிச்சத்தில்.

பெரிய கேள்விக்கு நான் எப்போதும் 1674-இலிருந்துதான் தொடங்குவேன். அந்த ஆண்டு இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்ல்ஸ் இருவருக்கும் தலா 100 பவுண்டு ஆண்டுச் சம்பளம் போட்டார். அப்பா கடற்போர்களை வரைய வேண்டும், மகன் அவற்றுக்கு வண்ணம் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிலேயே வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. கிரீனிச்சில் ராணி மாளிகையில் பட்டறையும் கிடைத்தது. இருவரும் ஏன் இங்கிலாந்துக்குப் போனார்கள் என்றால், 1672-இல் பிரான்சும் இங்கிலாந்தும் சேர்ந்து தாக்கியதில் ஹாலந்தில் ஓவியச் சந்தை படுத்துவிட்டது. போர் முடியும் முன்பே எதிரி நாட்டுக்குப் போனதை வைத்து தேசப்பற்று பற்றி ஒரு பத்தி எழுதத் தோன்றும். வேண்டாம், யார் காசு கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்று எழுதுங்கள், மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

படத்தைக் காட்டி யாருடையது என்று கேட்டால் முதலில் கொடியைப் பாருங்கள், அடுத்து அடிவானம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் இரண்டு படங்களை இணையத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் அசையாத தண்ணீரில் ஒரு போர்க்கப்பல் பீரங்கி சுடுகிறது, புகை மெல்லப் பரவுகிறது. மற்றதில் திடீர்க் காற்றில் கப்பல் சாய்ந்து திணறுகிறது. இரண்டும் 1680 வாக்கில் மகன் கையிலிருந்து வந்தவைதான். அதனால் அமைதி என்றால் இவர், புயல் என்றால் இன்னொரு கடல் ஓவியரான பாக்ஹய்சன் என்று குருட்டு விதி வைத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள். பாக்ஹய்சன் இவர்கள் கிளம்பிய பிறகு ஆம்ஸ்டர்டாமில் முதலிடம் பிடித்தவர், அவ்வளவு போதும்.

தாக்கம் பற்றிக் கேட்டால் ஆங்கில ஓவியர் டர்னர். பிரிட்ஜ்வாட்டர் கோமகனிடம் இருந்த வான் டெ வெல்டெயின் புயல் படத்துக்கு ஜோடியாக வேண்டும் என்று அந்தக் கோமகன் கேட்டதால் டர்னர் வரைந்த படம் 1801-இல் காட்சிக்கு வந்தது. இந்த இரண்டு படங்களையும் ஒப்பிட்டு நாலு வரி எழுதப் பழகிக்கொள்ளுங்கள், குறிப்பாகக் கப்பல்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று.