'வராது' என்று சொன்ன அன்று

நான் சொன்னது பொய்யில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

2013 கடைசி, கானா. தாதுவை அரைத்துத் தங்கம் பிரிக்கும் எங்கள் மில்லை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும், சயனைடு தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் கேட்டார்: "தங்கம் தீர்ந்துவிட்டதா, பாஸ்?"

"இருக்கிறது. ஆனால் வராது."

"ஒபுவாசியில் வருகிறதே?"

ஒபுவாசி கானாவின் பெரிய தங்கச் சுரங்கம். நான் "அது வேறு" என்று முடித்துவிட்டேன்.

மேலே ஆக்சைடு தாது இருந்தவரை கவலையே இல்லை. அரைத்து சயனைடில் போட்டால் பெரும்பங்கு தங்கம் கரைந்துவிடும். கீழே கந்தகம் சேர்ந்த சல்பைடு பாறை வந்ததும் பாதிகூடக் கரையவில்லை. இன்னும் பொடியாக அரைக்கச் சொன்னார்கள், அரைத்தோம். பயனில்லை. அதிலிருந்த ஆர்சனோபைரைட்டுக்குள் (இரும்பும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) தங்கம் தனித் துகளாக இல்லை, அதன் படிகத்திலேயே அணு அணுவாகக் கலந்திருக்கிறது. போதாததற்குப் பாறையில் கார்பன் வேறு. கரைந்த கொஞ்சத்தையும் அது உறிஞ்சிக்கொண்டு கழிவோடு போய்விடும்.

வழி இல்லாமல் இல்லை. தாதுவை வறுத்து சல்பைடைச் சிதைக்கலாம், ஆனால் ஆர்சனிக் புகையாகக் கிளம்பும். கனடாவின் யெல்லோநைஃபில் ஜயன்ட் சுரங்கம் அப்படி வறுத்ததில் சேர்ந்த 2,37,000 டன் ஆர்சனிக் ட்ரையாக்சைடு தூசியை நிலத்தடியில் அடைத்துவைத்தார்கள். 1951-ல் ஒரு பழங்குடிக் குழந்தை அந்த விஷத்தில் இறந்தது. ரோஸ்டர், அதாவது வறுக்கும் உலை, கூடாது என்று நான் எழுதியதில் மட்டும் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

அப்புறம் ஒபுவாசி முறை. 1994 முதல் அங்கே பாக்டீரியாவை விட்டு சல்பைடைச் சிதைத்தார்கள். சுமார் 40 டிகிரி சூட்டில், நாள்கணக்கில், ஓயாமல் காற்று ஊதி, வரும் அமிலத்தைச் சுண்ணாம்புக்கல்லால் முறிக்க வேண்டும். 2011-ல் 1,900 டாலர் வரை போன அவுன்ஸ் விலை 1,200-க்கு இறங்கியிருந்தது. எங்கள் சிறிய தாதுப் படிவு அந்தச் செலவைத் தாங்காது என்று அறிக்கை எழுதியவன் நான்தான்.

அப்படியென்றால் அந்த ஆபரேட்டரிடம் பாறையைப் பற்றிச் சொன்னேனா, விலையைப் பற்றியா? 2025-ல் விலை 4,000 டாலரைத் தாண்டியது. பாறை அதேதான். இன்று கணக்குப் போட்டால் விடை மாறலாம். 2001-ல் கேஜிஎஃப் மூடப்பட்டபோது விலை 300 டாலருக்கும் கீழே. அங்கே பிரச்சினை வேறு, ஆழமும் நஷ்டமும். ஆனாலும் உள்ளே இன்னும் தங்கம் இருக்கிறது என்று பேசிக்கொண்டே இருந்த குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். அந்தப் பேச்சு ஆட்களை எப்படிக் காத்திருக்க வைக்கும் என்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் 'வராது' என்று அழுத்திச் சொன்னேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. நாங்கள் போனதும் குழிக்குள் கலாம்சே ஆட்கள், அனுமதியில்லாமல் தோண்டுபவர்கள், இறங்குவார்கள். அவர்கள் தங்கம் பிரிப்பது பாதரசத்தால், அது தனித் துகளாக இருக்கும் தங்கத்தைத்தான் பிடிக்கும். இந்தப் பாறையில் அவர்களுக்குக் கிடைப்பது அற்பம், நெஞ்சுக்குள் போவது பாதரச ஆவியும் ஆர்சனிக் தூசியும். 'வராது' என்றால் இறங்க மாட்டார்கள் என்று நம்பினேன்.

இறங்கினார்கள் என்றுதான் பிறகு கேள்விப்பட்டேன். நான் என்ன சொல்லியிருந்தாலும் இறங்கியிருப்பார்கள், வேலை போனவர்களுக்கு வேறு என்ன இருந்தது? இல்லை, 'இருக்கிறது' என்று நான் தொடங்கியிருக்கவே வேண்டாமோ? ரோஸ்டர் ஏன் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். மில் ஆட்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று எழுத அந்த அறிக்கையில் ஒரு தலைப்பு கிடையாது. இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்றும் எனக்குத் தெரியவில்லை.