நீங்கள் கட்டுறியளோ, தம்பி?

திருகோணமலை, திருக்கடலூரில் ஒரு வீட்டு முற்றம். அக்கா பாயில் நெத்தலி பரப்பிக்கொண்டிருந்தார். கணவரின் ஆயுள் காப்புறுதிக்கு இரண்டு மாதத் தவணை நிலுவை. "காலாவதியாக விடாதேங்கோ அக்கா, கடலுக்குப் போற மனிசன்" என்று காப்புறுதி முகவரான நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தலை நிமிராமலே கேட்டார்: "உங்கட பேரில நீங்கள் கட்டுறியளோ, தம்பி?"

"ஓம் அக்கா" என்றேன். அது பொய்.

என்னுடையது 2022இலேயே காலாவதியாகிவிட்டது. எரிபொருள் தட்டுப்பாட்டால் அந்த ஆகஸ்டில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான். நிலாவெளிக்கு ஒரு நாள், கிண்ணியாவுக்கு ஒரு நாள் என்று அளந்து ஓடினேன். கொமிஷன் பாதியாகியது. வீட்டில் முதலில் வெட்டியது என்னுடைய 6,500 ரூபாய் தவணையை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். காசே கரைகிறது, இருபது வருடம் கழித்து வரப்போகும் தொகைக்கு என்ன பெறுமதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நியாயம் பிழையென்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை ஒரு வாடிக்கையாளரிடமும் சொல்லவில்லை. அவர்களிடம் "இப்ப நிறுத்தினால் கட்டினது வீண்" என்றேன். ஒரே மாதத்தில் எனக்கு ஒரு கணக்கு, அவர்களுக்கு வேறொரு கணக்கு.

கூட வேலைசெய்யும் ஒருவர், சீனி வருத்தத்துக்கு மருந்து எழுதும் டொக்டர் தானும் அந்தக் குளிசையைப் போட வேண்டுமா என்று கேட்பார். வேண்டியதில்லைதான். பிள்ளை குட்டி இல்லாத முகவர், மூன்று பிள்ளைகளின் தகப்பனுக்குச் சொல்லும் திட்டத்தைத் தானும் எடுக்க வேண்டுமென்றில்லை. ஆனால் எங்கள் தொழிலில் முதல் வருடத் தவணையில்தான் முகவருக்குப் பெரிய கொமிஷன். வாடிக்கையாளருக்கு அது அரைகுறையாகவாவது தெரியும். நான் சொல்வது தன் நன்மைக்கா, என் கொமிஷனுக்கா என்று பார்க்க அவரிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். எடுக்கவில்லை என்றால் ஏன் எடுக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு முடிய வேண்டும். எனக்கோ இரண்டு பிள்ளைகள், வங்கிக் கடனில் பாதி கட்டிய வீடு. சொல்ல ஒன்றுமிருக்கவில்லை.

அன்றிரவு நித்திரை வரவில்லை. அடுத்த கிழமை புதுப்பிக்க விண்ணப்பித்தேன். நிலுவை, அதற்கு வட்டி, மருத்துவப் பரிசோதனை. இரத்தத்தில் சீனி கூட. அதனால் தவணை மாதம் 1,850 ரூபாய் ஏறியது. விடாமல் கட்டியிருந்தால் அந்த 1,850 இல்லை. எத்தனையோ வீடுகளில் வாயால் சொன்ன விஷயம், அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுபடி திருக்கடலூருக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதையும் சேர்த்து. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ரசீதை வாங்கி, அந்த 1,850 எந்த வரியில் இருக்கிறதென்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். உள்ளே போய், அம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து பொலித்தீன் பையை எடுத்துவந்தார்.

"இவர்ட நிலுவை இப்ப எவ்வளவு? வட்டியோட சொல்லுங்கோ."