முதல் மலம் எப்போது போனது?

"பிள்ளைக்கு வெளிக்குப் போகல டாக்டரம்மா" என்று உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பிறந்ததும் கருப்பு மலம் எப்போது போனது என்பதைத்தான். நிறைமாதக் குழந்தை பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் போய்விடும். தாய்க்கு நினைவிருக்காது. கூட வந்த அப்பத்தாவுக்கு இருக்கும். "மூணாம் நாளு வெத்தலக் காம்ப எண்ணெயில முக்கி வச்சப் பெறகுதான் போனான்" என்பார். அந்த ஒரு வரி போதும், அடுத்த பரிசோதனைகளை உடனே தொடங்க.

48 மணி தாண்டியிருந்தால் ஹிர்ஷ்பிரங் நோயை நினைத்தே ஆக வேண்டும். ஏறத்தாழ 5,000 பிறப்புக்கு ஒன்று. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இருக்காது; அந்த இடம் தளராமல் இறுகியே இருப்பதால் மேலே மலம் தேங்கும், வயிறு உப்பும், எடை ஏறாது. மலக்குடல் சதையில் துளி எடுத்துச் சோதித்தால் உறுதியாகும். தீர்வு அறுவை சிகிச்சை. இத்துடன் தண்டுவடக் கோளாறைக் காட்டும் முடிக்கற்றையோ குழியோ முதுகின் அடியில் உண்டா, தைராய்டு சுரப்பு குறைவா என்றும் பார்த்துவிடுவேன். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற, ஒரு மாதம் தாண்டிய பிள்ளை நாலைந்து நாள் போகாமலிருந்து இளக்கமாகப் போனால், நன்றாகக் குடித்து எடையும் ஏறினால், அது நோயே இல்லை.

ஆனால் மலச்சிக்கலோடு வரும் நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு உடலில் கோளாறு எதுவும் கிடையாது. ஒருமுறை வலித்தது, அல்லது பள்ளிக்கூடக் கக்கூசுக்குப் போகப் பிடிக்கவில்லை, அடக்கிக்கொள்கிறார்கள். கதவோரம் காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில், முகம் சிவக்க நிற்பான். முக்குகிறான் என்று வீட்டில் நினைப்பார்கள். அவன் அடக்குகிறான். தேங்கிய கட்டியைச் சுற்றி நீராய்க் கசிந்து டவுசர் கறையாகும். அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி மருந்து கொடுத்துக் கூட்டி வருவார்கள். அடித்தும் கூட்டி வருவார்கள். கசிவது அவனுக்கே தெரியாது. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கப் பொறுக்காது எனக்கு.

முதலில் தேங்கியதை வெளியேற்றி, பிறகு மலத்தை இளக்கும் மருந்தான லாக்டுலோஸோ பாலிஎத்திலீன் கிளைக்காலோ தொடர்ந்து தர வேண்டும். ரெண்டு வாரத்தில் சரியானதும், பழகிப்போகும் என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பழகாது, மலத்தில் நீரைத் தங்கவைப்பதுதான் அவற்றின் வேலை. விரிந்த மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்கவும், வலிக்குமென்ற பயம் விலகவும் மாதக்கணக்காகும்.