சாவி யாரிடம் இருந்தது?

அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய மோர்மன் சபையின் பெண்ணியத்தைப் பற்றிப் பேசும்போது பலரும், அச்சபையினர் பின்னர் குடியேறிய யூட்டாவின் பெண்கள் பெற்ற வாக்குரிமையிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு ஒரு நடவடிக்கைக் குறிப்பேட்டிலிருந்து தொடங்கத் தோன்றுகிறது. 1842 மார்ச் 17 அன்று, இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில், சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித்தின் கடை மாடியில் பெண்கள் கூடி ‘ரிலீஃப் சொசைட்டி’ என்ற பெண்கள் சங்கத்தை நிறுவினார்கள். அவருடைய மனைவி எம்மா தலைவரானார். கவிஞர் எலைசா ஸ்னோ செயலாளராகிக் குறிப்பேட்டைத் திறந்தார்.

அவ்வாண்டு ஏப்ரல் 28 கூட்டத்தில் ஸ்மித் பேசியதை எலைசா எழுதியிருக்கிறார்: கடவுளின் பெயரால் சாவியை அவர் பெண்களுக்கே அளிக்கிறார். சாவி என்பது அச்சபையினரின் வழக்கில் அதிகாரத்தைக் குறிக்கும் சொல். 1850களில் சபை வரலாற்றைத் தொகுத்த ஆண்கள் அந்த வாக்கியத்தைத் திருத்தினார்கள். அவர்கள் கையில் அது, பெண்களின் பொருட்டுச் சாவியைத் திருப்புவதாக மாறிவிட்டது. நம் இலக்கணத்தில் கொடையும் பொருட்டும் நான்காம் வேற்றுமை ஒன்றுக்குள்ளேயே அடங்கிவிடும். அங்கேயோ அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வழக்கு கிடக்கிறது.

1845இல், ஸ்மித்துக்குப் பின் சபையை நடத்திய பிரிகாம் யங் சங்கத்தை நிறுத்திவைத்தார். எலைசா குறிப்பேட்டை விடவில்லை, யூட்டாவுக்குக் கொண்டுபோனார். 1860களின் இறுதியில் சங்கத்தை மீண்டும் அமைக்கும் பொறுப்பு அவரிடமே வந்தபோது, ஊர் ஊராகச் சென்று பெண்களுக்கு வழிகாட்ட அவருக்கு அந்தப் பழைய பக்கங்களே துணையாயின. ஆனால் அவரும் எல்லாவற்றையும் எழுதியவர் அல்லர். 1842 ஜூனில் அவர் ஸ்மித்துக்கே இரகசிய மனைவியானார். சபைக்குள் அப்போது தொடங்கியிருந்த பலதார மணத்தை வெறுத்த எம்மாவின் பேச்சைப் பதிவுசெய்த அதே கை இதைப் பற்றி அந்தக் குறிப்பேட்டில் மௌனம் காத்தது. பெண்கள் எழுதிய ஆவணம் என்பதாலேயே அது முழு உண்மை ஆகிவிடாது என்பதை நான் இங்கேதான் கற்றுக்கொண்டேன்.

வாக்குரிமையின் கதையும் இதைப்போலவே முரண் நிறைந்தது. 1870இல் யூட்டா பெண்கள் வாக்களித்தார்கள். அவர்கள் பலதார மணத்தை வாக்கால் ஒழிப்பார்கள் என்று வெளியார் எதிர்பார்த்தது நடக்கவில்லை. 1887இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவ்வுரிமையைப் பறித்தது. 1896இல்தான் அது மீண்டது. இவற்றையெல்லாம் ‘வுமன்ஸ் எக்ஸ்போனன்ட்’ என்ற பெண்கள் இதழ் 1872 முதல் 1914 வரை எழுதிவந்தது. அதன் பிற்கால ஆசிரியரான எம்மலின் வெல்ஸ், பலதார மணத்தில் வாழ்ந்தபடியே பெண்ணுரிமைக்கு வாதாடியவர்.

பின்னர் அவ்விதழ் மறக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில், பாஸ்டன் பகுதியில் வாழ்ந்த மோர்மன் இல்லத்தரசிகளும் மாணவிகளும் ஹார்வர்டு நூலகத்தில் அதன் பழைய தொகுதிகளைக் கண்டெடுத்தார்கள். தங்கள் பாட்டிமார் இத்தனை துணிச்சலாக எழுதியதை எவரும் தங்களுக்குச் சொல்லவில்லையே என்ற வியப்பிலிருந்து, 1974இல் ‘எக்ஸ்போனன்ட் 2’ பிறந்தது. பின்னாளில் புலிட்சர் பரிசு பெற்ற வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் அல்ரிச்சும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

தோண்டி எடுத்ததைப் பேசுவதற்கு விலையும் இருந்தது. சபையில் ஆண்களுக்கே உரியதாகக் கருதப்படும் குருத்துவ அதிகாரம் பெண்களுக்கும் உண்டு என்று வாதிட்ட கட்டுரைகளைத் தொகுத்த மாக்ஸீன் ஹாங்ஸ் 1993 செப்டம்பரில் சபையிலிருந்து நீக்கப்பட்டார். 2016இல், சங்கத்தின் முதல் ஐம்பதாண்டு ஆவணங்களைச் சபையே தொகுத்து அச்சிட்டபோது, ஏப்ரல் 28ஆம் நாள் வரி எலைசா எழுதியவாறே அதில் இடம்பெற்றது.