என் குரலைத் தேடிய ஐந்து வாரங்கள்

அமெச்சூர் வானொலி (ஹாம்) செயற்கைக்கோளிலிருந்து இறங்கிவரும் என் குரலை நானே கேட்பதற்கு ஐந்து வாரங்கள் ஆயின. அதற்கு முன்பு எஃப்.எம். செயற்கைக்கோள்கள் வழியாகப் பல தொடர்புகளை ஏற்படுத்தியிருந்தேன். அங்கே இருப்பது ஒரே ஒரு வழித்தடம். வலுவான சமிக்ஞை உடையவரே பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். சில செயற்கைக்கோள்களில் உள்ள நேரியல் டிரான்ஸ்பாண்டர் என்னும் மறுஒலிபரப்புக் கருவியோ ஓர் அலைவரிசைப் பட்டையை முழுவதுமாக வாங்கி, அப்படியே இன்னொரு பட்டைக்கு மாற்றித் திருப்பி அனுப்புகிறது. அதனால் ஒரே நேரத்தில் பலர் தனித்தனியே உரையாடலாம்.

நான் பழகியது 2019 டிசம்பரில் ஏவப்பட்ட ஆர்.எஸ்.-44 செயற்கைக்கோளில். 145.935 முதல் 145.995 மெகாஹெர்ட்ஸ் வரை நாம் அனுப்புவது, 435.610 முதல் 435.670 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் தலைகீழாக இறங்கி வருகிறது. மேலே போகும் பட்டையின் கீழ் விளிம்பு, கீழே வரும் பட்டையின் மேல் விளிம்பாகிறது. இதனால் கீழ்ப் பக்கப்பட்டையில் (குரலைச் சுமக்கும் அலையின் இரு பாதிகளில் கீழ்ப் பாதி) பேசினால் மேல் பக்கப்பட்டையில் கேட்கிறது. இரண்டு அதிர்வெண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 581.605 மெகாஹெர்ட்ஸ் என்பதைத் தாளில் எழுதி ஒட்டிவைத்த பிறகுதான் இந்தத் தலைகீழ்க் கணக்கு எனக்குப் பிடிபட்டது.

ஆனால் அந்தக் கூட்டுத்தொகை செயற்கைக்கோளில் நின்று பார்ப்பவருக்கே சரியாக இருக்கும். தரையில் இருக்கும் நமக்கு, செயற்கைக்கோளின் வேகத்தால் அதிர்வெண் மாறித் தெரியும் டாப்ளர் விளைவு குறுக்கே வருகிறது. ஆர்.எஸ்.-44 நம்மை நோக்கி வரும்போது 435 மெகாஹெர்ட்ஸில் அதன் சமிக்ஞை சுமார் 8 கிலோஹெர்ட்ஸ் உயர்ந்தும், விலகிச் செல்லும்போது அதே அளவு தாழ்ந்தும் கேட்கிறது. நாம் அனுப்பும் 145 மெகாஹெர்ட்ஸிலும் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் நகர்கிறது. பட்டை தலைகீழாக இருப்பதால் இவை ஓரளவு ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன என்றாலும், மிச்சம் இருப்பதே ஒரு குரலை முற்றிலும் தொலைத்துவிடப் போதுமானது. செயற்கைக்கோள் மிக அருகில் கடக்கும் சில நிமிடங்களில்தான் இந்த மாற்றம் மிக வேகமாக நிகழும். ஒலி மிகத் தெளிவாக இருக்கும் அந்த நேரத்தில்தான் கையும் பெறும் கருவியின் குமிழை ஓயாமல் திருகிக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் மூன்று வாரங்கள் நான் அனுப்பவே இல்லை. 435.605 மெகாஹெர்ட்ஸில் வரும் மோர்ஸ் பீக்கனை (செயற்கைக்கோள் தானே அனுப்பும் அடையாளச் சமிக்ஞை) பின்தொடர்ந்து, கையில் பிடித்த யாகி ஆன்டெனாவைத் திசை மாற்றுவதோடு, மணிக்கட்டைச் சுழற்றி முனைவாக்கத்தையும் (அலை அதிரும் தளம்) சரிசெய்யப் பழகினேன். இந்தப் பயிற்சியைத் தவிர்க்காதீர்கள் என்பேன். காது பழகிய பிறகு, குரலின் சுருதி சற்றே மாறும்போதே கை தானாகத் திருகத் தொடங்குகிறது.

அனுப்பத் தொடங்கியதும் புதிய சிக்கல் எழுந்தது. பொத்தானை அழுத்தியவுடன் பெறும் கருவி செவிடாகிவிட்டது. 145 மெகாஹெர்ட்ஸின் மும்மடங்கு அதிர்வெண் 435 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே விழுகிறது. என் அனுப்பியின் மூன்றாம் இசைமம் என் காதையே அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பட்டைகளையும் பிரிக்கும் வடிகட்டியான டூப்ளெக்சர் ஒன்றைப் பொருத்தி, இரண்டு ஆன்டெனாக் கம்பிகளையும் தள்ளிவைத்த பிறகே அந்த இரைச்சல் அடங்கியது.

தேடும்போது அனுப்பும் அதிர்வெண்ணைப் பட்டை முழுவதும் இழுத்துச் செல்லக் கூடாது. அது பிறருடைய உரையாடல்களின் மீது ஏறிச் செல்வதாகும். அனுப்பியை ஓரிடத்தில் நிறுத்தி, மெதுவாக மோர்ஸ் புள்ளிகளை அனுப்பியபடி, பெறும் கருவியை மட்டும் கணக்கிட்ட இடத்தைச் சுற்றி நகர்த்தினேன். ஐந்தாம் வாரத்தில் ஒரு மாலை, என் புள்ளிகள் மெல்லிய விசில் போல ஹெட்போனில் வந்தன. குரலுக்கு மாறி என் அழைப்புக் குறியீட்டைச் சொன்னபோது, அது மிகச் சிறிய தாமதத்துடன் திரும்பி வந்தது. இரண்டாம் அழைப்பிலேயே ஒருவர் பதிலளித்தார். சமிக்ஞை மதிப்பையும் கட்டக் குறியீட்டையும் (இருப்பிடத்தைச் சுட்டும் எழுத்தும் எண்ணும் கலந்த குறி) பரிமாறிக்கொள்ள அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தக் கடப்பின் மீதிப் பத்து நிமிடங்களும் எனக்கு வேறு யாரையும் அழைக்கத் தோன்றவில்லை.

பிறகு ஏ.ஓ.-7 என்ற பழைய செயற்கைக்கோள் பக்கம் போனேன். 1974 நவம்பரில் ஏவப்பட்ட அது, 1981இல் மின்கலம் பழுதாகி மௌனமாயிற்று. 2002இல், பழுதான மின்கலத்தின் குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) அறுந்துபோனதால், சூரிய ஒளியை மட்டும் கொண்டு மீண்டும் பேசத் தொடங்கியது. அங்கே 432 மெகாஹெர்ட்ஸில் அனுப்பி 145 மெகாஹெர்ட்ஸில் கேட்பதால் இசைமத் தொல்லை இல்லை. உயர்ந்த அதிர்வெண் அனுப்பும் பக்கம் இருப்பதால் இம்முறை நகர்த்த வேண்டியதும் அதைத்தான். யாராவது மிகுந்த சக்தியுடன் அனுப்பினால் அதன் மின்னழுத்தம் தாழ்ந்து எல்லோருடைய குரலும் தள்ளாடுகிறது. ஆகவே சில வாட்களுக்கு மேல் நான் போவதில்லை. என் ஒலி சற்று ஓங்கினாலும் உடனே குறைத்துக்கொள்கிறேன்.

சென்ற வாரம் அதன் வழியாக ஒருவருக்கு என் கட்டக் குறியீட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காவதான இலக்கத்தைச் சொல்லும் முன்பே அது பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. ஹெட்போனில் என் குரலும் அவர் குரலும் ஒரே கணத்தில் நின்றன. மறுநாள் சூரிய ஒளியில் அது கடந்த நேரத்தில் அதே இடத்தில் காத்திருந்தேன். அவரும் வந்திருந்தார். விட்டுப்போன அந்த ஓர் இலக்கத்தை முதலில் கேட்டு வாங்கிக்கொண்டார்.